கால் பங்கு நீராவி

1782ஆம் ஆண்டு ஜேம்ஸ் வாட் பெற்ற காப்புரிமையில் ஒரு படம் இருக்கிறது. செங்குத்தாக நிற்கும் ஒரு சிலிண்டர். அதன் நீளம் இருபது சம கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கூறுக்கும் நேரே ஒரு எண். மேலே ஐந்து கூறுகள் வரை எண்ணில் மாற்றமில்லை. ஆறாவதிலிருந்து குறையத் தொடங்கி, இருபதாவதில் கால் என்று முடிகிறது. அந்த எண்களின் அளவுக்குக் கோடுகள் இழுத்து நுனிகளைச் சேர்த்தால், குழிந்து இறங்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். நீராவி எஞ்சினைப் பற்றிய சட்ட ஆவணம் என்பதை மறந்துவிட்டுப் பார்த்தால், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் தொகையீடு பாடத்துக்குப் போட்ட படம் என்றே தோன்றும்.

ஆனால் தொகையீட்டுக் குறி அதில் இல்லை. லைப்னிட்ஸ் 1675இலேயே அந்தக் குறியை எழுதிவிட்டார். விசை இடத்துக்கு இடம் மாறும்போது, விசைக்கோட்டின் கீழே அடங்கும் பரப்பைக் கொண்டு பொருளின் வேகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நியூட்டன் 1687இல் ‘பிரின்சிப்பியா’வில் காட்டிவிட்டார். வாட்டின் காலத்துக்கு இவையெல்லாம் நூறாண்டுப் பழசு. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அளவைக் கருவிகள் செய்து பிழைத்த அந்த மனிதர் தம் காப்புரிமையில் பயன்படுத்தியது வகுத்தலும் கூட்டலும்தான்.

கணக்குப் போட அவரைத் தூண்டியது கரிச் செலவு. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் கார்ன்வாலில் செம்புச் சுரங்கங்களும் வெள்ளீயச் சுரங்கங்களும் ஏராளம். ஆழம் போகப் போகத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். இறைத்தால்தான் மேற்கொண்டு தோண்ட முடியும். இறைக்க எஞ்சின் உண்டு, ஆனால் எஞ்சினுக்குப் போட உள்ளூரில் நிலக்கரி கிடையாது. சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். 1712இல் தாமஸ் நியூகோமன் செய்த எஞ்சின் கரியைக் கணக்கில்லாமல் தின்றது. வாட்டின் எஞ்சினுக்கு அதைவிட வெகு குறைவான கரி போதும். வாட்டும் அவருடைய கூட்டாளி மேத்யூ போல்டனும் இதையே வியாபாரமாக்கினார்கள். நியூகோமன் எஞ்சினோடு ஒப்பிடும்போது எவ்வளவு கரி மிச்சமோ, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைச் சுரங்கக்காரர்கள் இவர்களுக்குக் கட்ட வேண்டும்.

ஆகவே ஒரு புஷல் (ஆங்கில முகத்தல் அளவு) கரிக்கு எத்தனை பவுண்டு தண்ணீர் ஓரடி உயரம் ஏறியது என்பது அங்கே எல்லோரும் கேட்கும் கேள்வியானது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருகிற அளவு அது. பிரெஞ்சு அறிஞர் கொரியோலி 1829இல் அதற்கு ‘வேலை’ என்று பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே சுரங்க முதலாளிகள் அதற்குக் காசு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வாட்டுக்குத் தோன்றிய யோசனை இது. பிஸ்டன் மேலிருந்து அடிவரை போய்ச் சேரும் வரை கொதிகலனிலிருந்து நீராவி வந்துகொண்டே இருக்கிறது. கடைசியில், முழு அழுத்தத்தோடு சிலிண்டர் நிறைய நிற்கும் நீராவியைக் கண்டென்சர் என்ற தனிக் கலத்துக்குத் திறந்துவிட்டுக் குளிரவைக்கிறோம். தள்ளுவதற்கு இன்னும் தெம்புள்ள நீராவி அது. அதை ஏன் வீணடிக்க வேண்டும்? பிஸ்டன் கால்வாசித் தூரம் போனதுமே நீராவி வரும் வால்வை மூடிவிட்டால் என்ன? உள்ளே அடைபட்ட நீராவி தானே விரிந்து, மீதித் தூரத்துக்கும் பிஸ்டனைத் தள்ளும். விரிய விரிய அதன் வலு குறையும், ஆனாலும் தள்ளும். 1769இலேயே நண்பர் வில்லியம் ஸ்மாலுக்கு எழுதிய கடிதத்தில் வாட் இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார்.

யோசனை நல்லதுதான். இதனால் எவ்வளவு லாபம் என்று எப்படிச் சொல்வது?

எண்களை வைத்துப் பார்ப்போம். பிஸ்டனின் பரப்பு 1,000 சதுர அங்குலம், நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு, பிஸ்டன் நகரும் தூரம் 8 அடி, பிஸ்டனுக்கு மறுபுறம் வெற்றிடம் என்று வைத்துக்கொள்வோம். வால்வை மூடாமல் கடைசிவரை நீராவி விட்டால் விசை எப்போதும் 14,000 பவுண்டு. எட்டடிக்கு 1,12,000 அடி-பவுண்டு வேலை. ஒரு பெருக்கலில் முடிந்தது.

இப்போது 2 அடியில் வால்வை மூடுகிறோம். அதுவரை கணக்கு எளிது: 28,000 அடி-பவுண்டு. அதற்கு மேல்தான் சிக்கல். பாயிலின் விதிப்படி, இடம் இரட்டித்தால் அழுத்தம் பாதியாகும் என்று வாட் எடுத்துக்கொண்டார். நாலாவது அடியில் விசை 7,000 பவுண்டு. எட்டாவது அடியில் 3,500. மீதி 6 அடியை எந்த விசையால் பெருக்குவது? தொடக்கத்தில் இருந்த 14,000ஆல் பெருக்கினால் மிகை; முடிவில் இருந்த 3,500ஆல் பெருக்கினால் குறை. இரண்டுக்கும் சராசரியாக 8,750ஐ எடுத்துக்கொள்ளலாம் என்று கை பரபரக்கும். அதைச் செய்தால் 52,500 வரும். உண்மையான விடையைவிட அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். விசை சீராகக் குறையவில்லை. முதலில் சடசடவென்று விழுந்து, பிறகு மெதுவாக இறங்குகிறது. பிஸ்டன் தன் பயணத்தில் பெரும்பகுதியைக் குறைந்த விசையோடுதான் கழிக்கிறது. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்க்கும் சராசரிக்கு நடுவழியில் நடந்தது தெரியாது.

வாட் செய்தது நறுக்கல். சிலிண்டரை இருபது கூறாக்கினார். ஒரு கூறின் அளவு சின்னது. அந்தச் சின்னத் தூரத்துக்குள் விசை மாறவில்லை என்று பாவித்துக்கொண்டால் பெரிய மோசம் வராது. முதல் ஐந்து கூறுகளிலும் அழுத்தம் 1. ஆறாவது கூறின் முடிவில் ஐந்து கூறு நீராவி ஆறு கூறு இடத்தில் பரவியிருக்கிறது. அழுத்தம் 5/6, அதாவது 0.833. ஏழாவதில் 5/7, அதாவது 0.714. இப்படியே பத்தாவதில் பாதி, இருபதாவதில் கால். எல்லாவற்றையும் கூட்டினால் 11.57 வருகிறது. முழு நீராவி விட்டிருந்தால் 20 வந்திருக்கும். ஆக, நூற்றுக்கு 57 பங்குக்கு மேல் வேலை கிடைக்கிறது என்று வாட் எழுதினார். கால் பங்கு நீராவியைச் செலவழித்து அரைப் பங்குக்கு மேல் வேலை!

இந்தக் கூட்டலில் ஒரு நேர்மை இருக்கிறது. ஒவ்வொரு கூறுக்கும் அதன் முடிவில் இருக்கும் அழுத்தத்தை, அதாவது அந்தக் கூறிலேயே மிகக் குறைந்த அழுத்தத்தை அவர் எடுத்துக்கொண்டார். எனவே உண்மையான வேலை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க முடியும். மாறாக ஒவ்வொரு கூறின் தொடக்கத்து அழுத்தத்தை எடுத்தால் கூட்டுத்தொகை 12.32, நூற்றுக்கு 61.6. அது கட்டாயம் மிகை. விடை 57.8க்கும் 61.6க்கும் நடுவே எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. கூறுகளை 200 ஆக்கினால் குறைந்தபட்சக் கணக்கு 59.47க்கு ஏறுகிறது. 2,000 ஆக்கினால் 59.64. மேலிருந்து வரும் கணக்கும் கீழிருந்து வரும் கணக்கும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே போய், இடையில் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் இடம் மிஞ்சும்: 59.66. தொகையீடு என்று நாம் சொல்வது அந்த எண்ணைத்தான். வளைந்த S போன்ற அந்தக் குறியைக் கண்டு மிரளும் மாணவர்களிடம் யாராவது இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பல பேர் கணக்கை விட்டு ஓடியிருக்க மாட்டார்கள்.

இந்த வளைகோட்டுக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. வாட்டுக்கு 135 ஆண்டு முன்பு, 1647இல், கிரெகுவார் து சான் வின்சான் என்ற பிளெமிஷ் இயேசு சபைத் துறவி இதே கோட்டை ஆராய்ந்து ஒரு பெரும் நூல் வெளியிட்டார். அவருக்கு நீராவியும் தெரியாது, பிஸ்டனும் தெரியாது. அவர் பார்த்தது வெறும் அதிபரவளையம். அதன் கீழே அடங்கும் பரப்பில் ஒரு விசித்திரம். 1 முதல் 2 வரை உள்ள பரப்பும், 2 முதல் 4 வரை உள்ள பரப்பும், 4 முதல் 8 வரை உள்ள பரப்பும் சமம். காரணம் பார்த்தால் மிக எளிது: ஒவ்வொரு முறையும் அகலம் இரட்டிக்கிறது, உயரம் பாதியாகிறது, அகலத்தில் வந்தது உயரத்தில் போய்விடுகிறது. அதாவது, தூரத்தைப் பெருக்கிக்கொண்டே போனால் பரப்பு கூடிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு. பெருக்கலைக் கூட்டலாக மாற்றுகிற பொருள் ஒன்று ஏற்கெனவே கணித உலகில் இருந்தது. 1614இல் ஜான் நேப்பியர் வெளியிட்ட மடக்கை அட்டவணை. 1649இல் அல்போன்ஸ் அன்டோனியோ து சராசா என்ற இன்னொரு துறவி இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்: அந்த வளைகோட்டின் பரப்பு மடக்கையாக நடந்துகொள்கிறது.

ஆகவே நம் எஞ்சினில் 2 அடியிலிருந்து 8 அடி வரை, அதாவது இடம் நாலு மடங்காகும் வரை, விரிந்த நீராவி செய்த வேலை 28,000ஐ நாலின் இயல் மடக்கையால் பெருக்கினால் வரும். 28,000 × 1.386, ஏறக்குறைய 38,800 அடி-பவுண்டு. முதலில் கிடைத்த 28,000ஐயும் சேர்த்தால் 66,800. இதில் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது ஒன்று உண்டு. பெரிய எண்களைப் பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போனவர்களின் வசதிக்காக ஒரு ஸ்காட்லாந்து நிலக்கிழார் தயாரித்த அட்டவணை, கரிப்புகை மண்டிய கொட்டகையில் பிஸ்டன் தள்ளும் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. நேப்பியர் பிஸ்டனை நினைத்திருக்கவே முடியாது.

சூத்திரம் கிடைத்தால் பேராசை வரும். கால்வாசியில் மூடியதற்கு, ஒரே அளவு நீராவியிலிருந்து 2.39 மடங்கு வேலை. எட்டில் ஒரு பங்கில் மூடினால்? 3.08 மடங்கு. பதினாறில் ஒன்றில் மூடினால் 3.77. ஒவ்வொரு முறை விரிவை இரட்டிக்கும்போதும் 0.69 கூடும், எங்கும் நிற்காது. ஆனால் மடக்கை ஏறுவது ஆமை வேகத்தில். பத்து மடங்கு லாபம் வேண்டுமென்றால் நீராவி எட்டாயிரம் மடங்குக்கு மேல் விரிய வேண்டும். அதற்கேற்ற சிலிண்டரைக் கட்டுவதற்குள் சுரங்கத்தையே மூடிவிடலாம்.

நடைமுறையில் அதற்கு வெகு முன்பே கதை முடிந்துவிடும். கண்டென்சர் பக்கம் முழு வெற்றிடம் ஒருபோதும் கிடைக்காது. அங்கே மிச்சமிருக்கும் அழுத்தம் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும். உராய்வு வேறு. உள்ளே விசை இவற்றுக்குச் சமமாக இறங்கிய பிறகு பிஸ்டன் நகரும் ஒவ்வோர் அங்குலமும் நஷ்டம். அதோடு விரியும் நீராவி குளிர்ந்து சிலிண்டர் சுவரையும் குளிரவைக்கும்; அடுத்து வரும் நீராவி அந்தச் சுவரில் தண்ணீராகப் படியும். வாட் பயன்படுத்தியதோ காற்றழுத்தத்தை ஒட்டிய மெலிந்த நீராவி. விரிவதற்கு அதனிடம் பெரிய முதல் இல்லை. அவர் காலத்தில் இந்த யோசனை காகிதத்தில் தந்த லாபத்தைக் கொட்டகையில் தரவில்லை. 1800இல் அவருடைய காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு, ரிச்சர்ட் டிரெவிதிக், ஆர்தர் உல்ஃப் போன்றவர்கள் கார்ன்வாலில் அழுத்தம் மிகுந்த நீராவியைத் துணிந்து பயன்படுத்தியபோதுதான் விரிவு வேலை செய்யத் தொடங்கியது. ஒவ்வொரு சுரங்க எஞ்சினும் ஒரு புஷல் கரிக்கு எவ்வளவு வேலை செய்தது என்று 1811 முதல் மாதந்தோறும் அங்கே அச்சிட்டு வெளியிட்டார்கள். பொறியாளர்களுக்கு ரேங்க் கார்டு மாதிரிதான்.

ஆனால் பாயிலின் விதியை நம்பிக் காகிதத்தில் போட்ட வளைகோடும், நிஜ சிலிண்டருக்குள் நடப்பதும் ஒன்றுதானா? உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. வாட் ஒரு சின்னஞ்சிறு சிலிண்டர் செய்து, அதில் சுருள்வில் மாட்டிய பிஸ்டனைப் பொருத்தி, பெரிய சிலிண்டரோடு இணைத்தார். உள்ளே அழுத்தம் ஏறினால் முள் ஏறும்; இறங்கினால் இறங்கும். எஞ்சின் ஓடும்போது முள் துள்ளிக்கொண்டே இருப்பதால் எதையும் குறித்துக்கொள்ள முடியவில்லை. 1796இல் அவருடைய உதவியாளர் ஜான் சதர்ன் செய்தது மிகச் சிறிய மாற்றம். முள்ளின் இடத்தில் பென்சில்; எதிரே காகிதம் ஒட்டிய பலகை. பலகையை எஞ்சினின் அசைவோடு இணைத்துவிட்டார். பிஸ்டன் போகும்போது காகிதமும் போகும், வரும்போது வரும். பென்சில் மேலும் கீழும், காகிதம் இடமும் வலமும். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றி முடித்ததும் காகிதத்தில் ஒரு மூடிய வளையம் விழுந்திருக்கும்.

அந்த வளையத்துக்குள் அடங்கிய பரப்புதான் ஒரு சுற்றில் எஞ்சின் தந்த வேலை. தள்ளும்போது மேல்கோடு, திரும்பும்போது கீழ்க்கோடு. மேல்கோட்டின் கீழே உள்ள பரப்பு பிஸ்டனுக்குக் கொடுத்தது, கீழ்க்கோட்டின் கீழே உள்ளது திரும்ப வாங்கியது. கழித்தால் மிச்சம் வளையம். மனிதக் கை படாமல், எஞ்சினே தன் கணக்கைத் தானே எழுதிக் கொடுக்கிறது. இண்டிகேட்டர் எனப்படும் இந்தக் கருவியை போல்டன்-வாட் நிறுவனம் தொழில் ரகசியமாகவே வைத்திருந்தது. 1822இல் ஓர் ஆங்கில அறிவியல் இதழில் அது பற்றிக் கடிதம் ஒன்று வந்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1834இல் பிரெஞ்சுப் பொறியாளர் கிளாப்பெய்ரோன், வெப்பத்திலிருந்து வேலை எடுப்பது பற்றி சாடி கார்னோ சொன்னதை விளக்க இதே மாதிரிப் படத்தைத்தான் வரைந்தார். கல்லூரியில் வெப்ப இயக்கவியல் படித்தவர்கள் அழுத்தம்-கன அளவு என்று வரைந்து தள்ளிய படங்களெல்லாம் இதன் வாரிசுகள்.

சதர்ன் பலகையைக் கடிகாரத்தோடு இணைக்காமல் பிஸ்டனோடு இணைத்ததை மறந்துவிடக் கூடாது. கடிகாரம் நகர்த்தும் காகிதமாக இருந்திருந்தால், அதே பென்சில் வேறொரு கோட்டை வரைந்திருக்கும். அதன் பரப்பிலும் பொருள் உண்டு, ஆனால் அது வேலை ஆகாது. விசையை நேரத்தோடு சேர்த்துக் கூட்டினால் உந்தம் கிடைக்கும். இடத்தோடு சேர்த்துக் கூட்டினால்தான் ஆற்றல். ஒரு சுவரை நாள் முழுக்கத் தள்ளினால் நேரக்கணக்கு மலையாகக் குவியும். சுவர் நகராததால் இடக்கணக்கு சுழியிலேயே நிற்கும்.

வளையத்தின் பரப்பை அளப்பதும் ஒரு வேலைதான். காகிதத்தைப் பத்துப் பட்டைகளாகப் பிரித்து நடு உயரங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தார்கள். வளையத்தைக் கத்தரித்து எடுத்துத் தராசில் எடை போட்டவர்களும் உண்டு. 1854இல் சுவிஸ் கணிதர் யாகோப் ஆம்ஸ்லர் செய்த பிளானிமீட்டர் வந்தது: கையில் ஒரு முனையைப் பிடித்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்று வந்தால், அதில் பொருத்திய சிறு சக்கரம் உருண்டு பரப்பைச் சொல்லிவிடும். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், எல்லையைச் சுற்றி வந்தே பரப்பைச் சொல்கிற கருவி.

நம் ஊர் ஆட்கள் நீராவி விரிவின் பலனை மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே கண்ணால் பார்க்கலாம். நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களுக்கு நாலு சிலிண்டர். கல்லாறு தாண்டி, பல் தண்டவாளத்தில் ஏறத் தொடங்கியதும், சாதாரணச் சக்கரங்களைத் தள்ளி முடித்த நீராவி வெளியே போகாமல் மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குப் போய் மறுபடி விரிந்து, பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஒரே சிலிண்டரில் முடியாத விரிவை இரண்டாகப் பங்கிட்டுச் செய்யும் ஏற்பாடு. வளையம் வரையும் இண்டிகேட்டரும் மறைந்துவிடவில்லை: பெரிய கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் தலையில் அதைப் பொருத்துவதற்கென்றே ஒரு சிறு வால்வு இருக்கிறது. கப்பலில் எஞ்சினியராகப் போன உறவினர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், இண்டிகேட்டர் கார்டில் அந்த வளையத்தை எடுத்த கதை சொல்வார்.

பள்ளியில் மாறும் விசைக்கு உதாரணம் என்றால் சுருள்வில்லோடு நிறுத்திவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வில்லின் விசை நேர்கோடாக ஏறுவதால் பரப்பு முக்கோணம். அடியில் பாதியை உயரத்தால் பெருக்கினால் முடிந்தது, தொகையீட்டுக்கு அங்கே வேலையே இல்லை. வில்லுக்குப் பதில் பிள்ளைகள் கையில் தடித்த ரப்பர் பேண்டு ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆணியில் மாட்டி, எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு எவ்வளவு நீள்கிறது என்று வரைதாளில் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு எடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே மறுபடியும் குறிக்கச் சொல்லுங்கள். கோடு நேராகவும் வராது, வந்த வழியே திரும்பவும் போகாது. இரண்டுக்கும் நடுவே ஒல்லியாக ஒரு வளையம் விழும். அதற்குள் அடங்கிய சின்னக் கட்டங்களை எண்ணினால், இழுக்கும்போது கொடுத்து, திரும்பும்போது கிடைக்காமல் போன வேலை எவ்வளவு என்று தெரியும். அவ்வளவும் ரப்பரைச் சூடாக்கியதில் செலவானது.